இறங்கி ஏறும் பாலம்

எங்கள் ஊர் பஸ்ஸில் போகிறவர்கள் ஒரே டிக்கெட்டில் இரண்டு முறை ஏறுவார்கள். ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நான் வண்டியை நிறுத்திக் கதவைத் திறப்பேன். எல்லோரும் இறங்குவார்கள். காலி வண்டியை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டிக்கொண்டு நான் அக்கரையில் போய் நிற்பேன். அவர்கள் நடந்து வந்து மறுபடியும் ஏறுவார்கள். ஏறியதும் ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை ஆரம்பிக்கும். "நான் முதல்லயே இங்கதான் உக்காந்திருந்தேன்" என்று ஒருவர் சொல்ல, "அது ஆத்துக்கு அந்தப் பக்கம்" என்று இன்னொருவர் அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

இந்தக் கூத்துக்கு யார் காரணம் என்று கேட்டால் ஊரே என் வீட்டைக் கை காட்டும். என் மனைவி எங்கள் வார்டு கவுன்சிலர். வீட்டு வரியைப் பாதியாக்குவோம் என்று சொல்லி ஜெயித்தவள். சொன்னபடி ஆக்கியும் காட்டினாள். தேர்தலில் சொன்னதைச் செய்கிற ஆளை அதுவரை எங்கள் ஊர் பார்த்ததில்லை என்பதால் கொஞ்ச நாள் அவளைக் கும்பிடாத குறைதான். அதில் தப்பும் இல்லை. இரண்டு அறை வீட்டில் இருக்கிறவர்களுக்கு அந்த வரி நிஜமாகவே கையைக் கடித்தது. கட்டிய காசுக்கு நகராட்சி செய்ததெல்லாம் ஆபீஸ் வாசலில் கலர் விளக்குப் போட்ட ஒரு ஃபவுண்டன்.

வரி பாதியானதும் செலவையும் குறைக்க வேண்டுமே. ஃபவுண்டனை நிறுத்தினால் வாசலில் வருகிறவன் போகிறவன் கேட்பான். பாலத்தை யார் கேட்பார்? தண்ணீர் போகிற ஓட்டைகளைக் குத்திவிட்டு, விரிசலைப் பூசி, இணைப்புகளில் மண்ணை வாரிக்கொண்டிருந்த ஆட்களை நிறுத்திவிட்டார்கள். பாலம் எங்கேயும் ஓடிப்போகாது, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அடுத்த வருஷமும் அதையே சொன்னார்கள். பாலத்தின் மேல் மழைத் தண்ணீர் குளம் கட்டி நின்றது. நின்ற தண்ணீர் உள்ளே இறங்கிக் கம்பியைத் தின்றது. ஒருநாள் அடியிலிருந்து சிமெண்ட் பாளம் பெயர்ந்து ஆற்றில் விழுந்த பிறகுதான் இன்ஜினியர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, கனமான வண்டிகளுக்குத் தடை என்று பலகை மாட்டினார். காலி பஸ் போகலாம். டிரைவரும், நடக்கவே முடியாதவர் ஒரே ஒருவரும் அதில் இருக்கலாம் என்று மனசு வைத்தார்.

அந்த ஒற்றை சீட்டு நியாயமாக என் மாமனாருக்குச் சேர வேண்டியது. ஒரு கம்பெனியில் கணக்கு பார்த்து ஓய்வு பெற்றவர், எங்களோடு இருக்கிறார். இரண்டு கிட்னியும் கைவிட்டுவிட்டதால் வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி அக்கரையில். சுற்றிப் போகிற ரோட்டில் போனால் அரை நாள் அதிலேயே போய்விடும், அவர் உடம்பு தாங்காது. ஆனால் அந்த சீட்டில் அவர் உட்கார மாட்டார்.

"மாமா, நீங்க பேசாம உக்காருங்க."

"கவுன்சிலர் அப்பான்னு சலுகையா? வேணாம் மாப்பிள்ளை. எனக்குக் கால் இருக்கு."

"கால் இருக்கு மாமா. கிட்னிதான் லீவு போட்டிருக்கு."

"அது லீவு போட்டா கால் எதுக்கு லீவு போடணும்?" என்று இறங்கிவிடுவார்.

பிடிவாதத்துக்குப் பின்னால் ஒரு விஷயம் இருந்தது. வரியைக் குறை என்று மகள் மண்டையில் ஏற்றியவரே அவர்தான். நம் காசு நம் கையில் இருக்க வேண்டும், அவர்களிடம் கொடுத்தால் ஃபவுண்டன்தான் கட்டுவார்கள் என்று சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, பல் விளக்கும்போதுகூட வாயில் நுரையோடு பேசுவார். அப்படிப்பட்டவர் பாலத்தால் எனக்குக் கஷ்டம் என்று ஊர் பார்க்க சீட்டில் உட்காருவாரா? செத்தாலும் மாட்டார். அந்த வீம்பைப் பார்க்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மழைக்காலம் தொடங்கியபோது இன்ஜினியர் மறுபடி வந்தார். இந்த மழை முடிந்ததும் வேலை ஆரம்பிக்கவில்லை என்றால் பாலத்தையே மூடிவிடுவேன், பஸ் என்ன, சைக்கிள்கூடப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். குறைத்த வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் போடலாமா என்று முடிவெடுக்க நகராட்சி கூடுவதாக இருந்தது. கவுன்சிலர்கள் இரண்டு பக்கமும் சரிசமமாக நின்றார்கள். என் மனைவி எந்தப் பக்கம் கை தூக்குகிறாளோ அந்தப் பக்கம்தான் ஜெயிக்கும்.

அவள் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அடுப்படியில் நின்றுகொண்டு, கூடத்தில் இருந்த அப்பாவுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னாள்.

"பாலத்தை மூடிட்டா அப்பாவை எப்படிங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது? வரியை ஏத்தினா அப்பா மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

"மூஞ்சில முழிக்கிறதுக்கு முதல்ல அவரு இருக்கணும்ல?"

"உங்களுக்கு எப்பவும் வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுதான்" என்று தட்டை ணங்கென்று வைத்தாள்.

கூடத்திலிருந்து குரல் வந்தது. "வாக்குன்னா வாக்குதான்மா! ஜனங்க நம்பி ஓட்டுப் போட்டிருக்காங்க!" டயாலிசிஸ் காதுக்கு ஒன்றும் செய்வதில்லை போலிருக்கிறது.

கூட்டத்துக்கு முந்தின நாள் காலையில் மழை கொட்டியது. பாலத்துக்கு முன்னால் கதவைத் திறந்ததும் ஜனங்கள் குடையும் பையுமாக இறங்கி ஓடினார்கள். முன்னால் இருப்பவர் முதுகே தெரியவில்லை. எங்கள் கண்டக்டர், யாருக்கும் மீதிச் சில்லறை கொடுத்த சரித்திரம் இல்லாததால் ஊரில் 'அப்புறம் தர்றேன்' என்று பெயர் வாங்கியவர், கடைசியாக இறங்கிப் போனார். நான் வண்டியை அக்கரைக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். எல்லோரும் நனைந்து வழிந்துகொண்டு ஏறினார்கள். கண்டக்டர் ஏறி, "ரைட், போலாம்" என்றார்.

கண்ணாடியில் பார்த்தேன். மாமனாரைக் காணவில்லை.

"எங்கய்யா மாமா?"

"உங்க கூட வண்டியிலதானே வந்தாரு? இந்த மழைலயாவது உக்காந்திருப்பாருன்னு நினைச்சேன்."

"என் கூடவா? உங்க குடைக்குள்ள வர்றாருன்னு நான் நினைச்சேன்!"

அந்த ஒற்றை சீட்டு காலியாக இருந்தது. கைப்பிடிச் சுவர் சில இடங்களில் உடைந்திருக்கிறது. மழையில் கால் வழுக்கினால் கீழே ஆறு. வண்டியை அப்படியே விட்டுவிட்டுப் பாலத்தின் மேல் ஓடினேன். என் மனைவியிடம் போய் என்ன சொல்வேன் என்பது தவிர வேறு எதுவும் மனதில் ஓடவில்லை.

பாலத்தின் நடுவில் தண்ணீர் கணுக்கால் உயரத்துக்கு நின்றது. ஓரமாக ஓர் உருவம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தது. குடையை மடக்கி, அதன் நுனியால் தரையில் எதையோ குத்திக்கொண்டிருந்தது.

"மாமா!"

அவர் திரும்பவே இல்லை. "கத்தாதீங்க மாப்பிள்ளை. வந்துடும்போல இருக்கு."

இன்னொரு குத்து. ஓட்டையிலிருந்து பிளாஸ்டிக் பை ஒன்று, மக்கிய இலைகள், ஒரு குழந்தையின் செருப்பு என்று கிளம்பி வந்தன. பிறகு கடகடவென்று சத்தம். நின்ற தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கியது. எங்கள் காலடியில் தரை தெரிந்தது. மாமனார் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் என் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை.

"பாத்தீங்களா? இவ்வளவுதான் வேலை. இந்த ஓட்டையைக் குத்திவிடக்கூட ஒரு ஆள் இல்லையா இந்த ஊர்ல?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "இருந்தாங்க மாமா! இதே ஓட்டையைக் குத்திவிட ஆள் இருந்தாங்க! நீங்கதான் அவங்களுக்குக் குடுக்கிற காசு தண்டம்னீங்க!"

சொன்ன பிறகுதான் அவரைச் சரியாகப் பார்த்தேன். உதடு நீலம் பாரித்திருந்தது. எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. நான் குனிந்து முதுகைக் காட்டினேன்.

"ஏறுங்க."

"சீ, என்ன இது, எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டும். இன்னிக்கு இந்த பஸ்ல பலகையும் கிடையாது, சலுகையும் கிடையாது."

ஏறிக்கொண்டார். கனமே இல்லை. அது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. பாதி வழியில் காதோரம், "நான் ஃபவுண்டனைத்தான் தண்டம்னேன்" என்று முனகினார். கேட்காத மாதிரி நடந்தேன்.

பஸ்ஸை நேராக ஆஸ்பத்திரி வாசலுக்கே கொண்டுபோனேன். அங்கே நர்ஸ் எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டினாள். நேரம் தப்பினாலும் படுக்கை கொடுத்து, உடம்பைச் சூடாக்கி, மெஷினில் போட்டார்கள். இனி பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நான் வெளியே வந்தேன். நான் பஸ்ஸுக்குத் திரும்பியபோது ஒருவர்கூட ஏன் தாமதம் என்று கேட்கவில்லை. ஜன்னல் சண்டைகூட அன்றைக்கு இல்லை.

டிரிப்பை முடித்துவிட்டு மறுபடி போனபோது என் மனைவி ஸ்கூட்டரில் வந்து சேர்ந்திருந்தாள். அப்பாவின் போர்வையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். அழுத முகம்.

"பாலத்துக்குன்னு தனியா ஒரு வரி போடும்மா" என்றார் அவர், கூரையைப் பார்த்துக்கொண்டு. "முழுசா வேணாம். பாதில பாதி. ஆனா ஃபவுண்டனுக்கு அதுலேர்ந்து ஒரு பைசா போகக்கூடாது. செலவை அந்தப் பாலத்துலயே எல்லாரும் பாக்கற மாதிரி எழுதி வைக்கணும்."

"நான் ஏற்கெனவே முடிவு பண்ணிட்டேன்பா. நாளைக்கு வரிக்குத்தான் கை தூக்கப் போறேன். இன்னிக்கு இப்படி நடக்காம இருந்திருந்தாலும் அதுதான்."

"அப்படின்னா ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க பேச இடம் குடுத்தாதானே!"

அவர் வாயைத் திறந்தார். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். என் கல்யாணத்துக்குப் பிறகு இது முதல் தடவை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினேன்.

மறுநாள் கூட்டத்தில் கடைக்காரர்கள் பின் வரிசையில் நின்று கூச்சல் போட்டார்கள். வாக்குத் தவறியவள் என்றார்கள். அவள் எழுந்து, "ஆமா, தவறிட்டேன். வரியைப் பாதியாக்கறேன்னு சொன்னேன், பாலத்தைப் பாதியாக்கறேன்னு சொல்லல. அடுத்த தேர்தல்ல என்னை வீட்டுக்கு அனுப்பணும்னா அனுப்புங்க. பாலம் இருந்தா நடந்தே போயிக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினாள். கூச்சல் போட்டதில் ஒருவர், என் பஸ்ஸில் தினமும் இரண்டு முறை ஏறுகிற மளிகைக் கடைக்காரர், முதலில் சிரித்துவிட்டார். அப்புறம் கூச்சல் எடுபடவில்லை.

வேலை நடந்த மாதங்களில் பாலத்தில் ஒரு ஓரம் மட்டும் திறந்திருந்தது. மாமனார் மகளின் ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். போகும்போதும் வரும்போதும் வண்டியை நிறுத்தச் சொல்லி வேலையாட்களைக் கேள்வி கேட்டுத் துளைத்தார். இன்னொரு மழைக்காலத்தை அது தாங்கியிருக்காது, நல்ல நேரத்தில் கை வைத்தீர்கள் என்று இன்ஜினியர் என்னிடம் சொன்னார். அப்பாடா என்று அந்தக் கைப்பிடிச் சுவர் மேலேயே சாய்ந்துகொண்டேன். புதுசாகப் பூசியிருந்தார்கள், சட்டையெல்லாம் சிமெண்ட்.

பலகையைக் கழற்றிய அன்று பஸ்ஸில் நல்ல கூட்டம். மாமனார் முன்னால் அந்த ஒற்றை சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பாலம் வந்தது. என் கால் தானாக பிரேக்கை அழுத்தியது. கை தானாகக் கதவைத் திறந்தது. பின்னால் எல்லோரும் தானாக எழுந்தார்கள். 'அப்புறம் தர்றேன்' முதல் ஆளாகக் குதித்துக் குடையையும் விரித்துவிட்டார், வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பாதிப் பேர் இறங்கிப் பாலத்தை நோக்கி நடக்கவே ஆரம்பித்துவிட்டார்கள்.

மாமனார் சீட்டிலிருந்து பாதி எழுந்து, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினார்.

"எங்கய்யா நடக்கறீங்க? எல்லாரும் வந்து ஏறுங்க! காசு கட்டியிருக்கோம்ல!"

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு பஸ்ஸே குலுங்கியது. சிரித்தபடி திரும்பி வந்து ஏறினார்கள். மளிகைக் கடைக்காரர் ஏறும்போது மாமனாரின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டேன்.

நடுப்பாலம் வந்தபோது, "மாப்பிள்ளை, கொஞ்சம் மெதுவா" என்றார். "என் ஓட்டை வருது."

மெதுவாக்கினேன். அவர் எட்டிப் பார்த்தார். புது இரும்புச் சல்லடை போட்டிருந்தது. முந்தின நாள்தான் நல்ல மழை, ஆனால் சுற்றிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். பாலம் முடிந்ததும் நான் நிறுத்தவில்லை, யாரும் ஜன்னலுக்குச் சண்டை போடவும் இல்லை.