ஞாயிற்றுக்கிழமைச் சத்தம்

கிட்டுவுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்பது சம்பந்தத்தின் தீர்மானம். மாடியில் வாடகைக்கு இருக்கும் கிட்டு சாஃப்ட்வேர் இன்ஜினியர். கழுத்தில் ஒரு பட்டை, அதில் அவன் போட்டோ, இடுப்பில் மொபைல், வாயைத் திறந்தால் அமெரிக்கா. இப்பேர்ப்பட்டவன், ஒரு கம்ப்யூட்டர் ஏன் டர்ரென்று சத்தம் போடுகிறது என்று வாரக்கணக்கில் கண்டுபிடிக்க முடியாமல் திணறினால் மனுஷன் என்னதான் நினைப்பார்? இவனுக்குச் சம்பளம் கொடுக்கிறவனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் என்று நினைத்தார். நினைத்ததோடு நில்லாமல் கிட்டுவிடமே சொல்லவும் செய்தார். கிட்டு சிரித்தான். ரோஷம் என்பது அந்தத் தலைமுறைக்கே கிடையாது என்று அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

சத்தம் வந்தது சம்பந்தத்தின் மகன் கிரியின் கம்ப்யூட்டரில். கிரிக்குச் செகந்திராபாத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. வாரம் முழுக்க அந்தக் கம்ப்யூட்டர் பரம சாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிரி அதில் துப்பாக்கிச் சண்டை விளையாட உட்கார்ந்தால் மட்டும் அதற்குப் பேய் பிடிக்கும். முதலில் ‘டிடிக், டிடிக், டிடிக்’ என்று ஸ்பீக்கரில் ஒரு தட்டல். பிறகு நீளமாக ‘டர்ர்ர்’. துப்பாக்கி வெடிக்கும், குண்டு விழும், எவனோ இங்கிலீஷில் செத்துப்போவான், இதற்கெல்லாம் நடுவில் இந்த டர்ர்ர் கால் மணி அரை மணி ஓடும். பிறகு தானாக நின்றுவிடும். அது நின்றதும் கிரிக்கும் ஆட்டம் அலுத்துவிடும்.

கிட்டு முதல் வாரம் ஃபேனில் தூசி என்றான். ஃபேனைக் கழற்றிப் பெயிண்ட் பிரஷ்ஷால் துடைத்தார்கள். அடுத்த வாரம் ராம் என்கிற மெமரிப் பட்டை சரியாக உட்காரவில்லை என்றான். எடுத்து ரப்பரால் தேய்த்து உட்கார வைத்தார்கள். அப்புறம் பவர் சப்ளை என்றான், அப்புறம் விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி போடணும் என்றான், கடைசியில் கேம் சிடியில் கீறல் என்றான். சிடியில் கீறல் விழுந்தால் ஸ்பீக்கர் டர்ரென்று உறுமுமா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

“இன்னாப்பா, படிச்சுட்டுத்தான் வந்தியா, இல்ல பாஸ்போர்ட் ஆபீஸ் வாசல்ல வாங்குனியா சர்டிபிகேட்டை?” என்றார் சம்பந்தம்.

“அடுத்த வாரம் சவுண்ட் கார்டை மாத்திப் பாக்கலாம் அங்கிள்” என்றான் கிட்டு.

சம்பந்தம் ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்றவர். கடைசியாக இருந்தது செகந்திராபாத் திருமுல்கேரி முகாமில். அப்படியே பக்கத்து அல்வாலில் வீடு வாங்கி உட்கார்ந்துவிட்டார். சொந்த ஊரான வேலூர்ப் பக்கம் போய் நிலபுலன் பார்க்கிற ஆசையெல்லாம் அவருக்கு இல்லை. இரைச்சலைக் கேட்டு அது எங்கிருந்து வருகிறது என்று சொல்வதற்குத்தான் சர்க்கார் அவருக்குச் சோறு போட்டது. பனிமலையில் உட்கார்ந்து எதிரியின் வயர்லெஸ் செட் கரகரப்பைக் கேட்டே ஆளைச் சொன்ன காது இது என்பார். அந்தக் காதை வைத்துக்கொண்டு சொந்த வீட்டுக் கம்ப்யூட்டரை இத்தனை நாள் இந்தப் பொடியனிடம் விட்டு வைத்ததற்கு ஒரே காரணம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவருக்கு வேறு வேலை இருந்தது.

ஹாலில் டெலிபோன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் அந்த வேலை.

அதை வேலை என்று அவர் சொன்னதில்லை. பேப்பர் படிக்கிறேன் என்பார். அந்த நேரத்தில் கிரி இன்டர்நெட் போடக் கூடாது, லைன் பிஸியாகிவிடும். மனைவி விஜயகுமாரி தன் தங்கச்சி வீட்டுக்குப் போன் போடக் கூடாது, பில் ஏறும். எதிர்வீட்டுக்காரர் ஒரு நிமிஷம் போன் பண்ணிக்கொள்ளட்டுமா என்று வந்தால், “நக்கோ பாய், வேணாம், போன் டெட்டாக் கீது” என்று ஊர் உருதுவைக் கலந்து சொல்லி வாசலிலேயே திருப்பி அனுப்புவார். டெலிபோன் உயிரோடுதான் இருந்தது. அவ்வப்போது ரிசீவரை எடுத்து டயல் டோன் வருகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பார்.

மகள் சுபாஸ்ரீ போன் பண்ணுவாள் என்று காத்திருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் தார்நாகாவில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கும் ராகவேந்திராவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, மாலையும் கழுத்துமாக வந்து நின்றாள். பையனிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கன்னடக்காரன், நல்ல படிப்பு, நல்ல குணம், சம்பந்தமே தேடியிருந்தாலும் அப்படி ஒருவன் அகப்பட்டிருக்க மாட்டான். ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முடிந்துபோன ஆர்டரைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள அவர் என்ன, ஆபீஸ் பியூனா? “போன் பண்ணி மன்னிப்புக் கேக்கிற வரைக்கும் இந்த வாசப்படி மிதிக்காதே” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். மன்னிப்பை நேரில் கேட்டால் தான் அழுதுவிடுவோம் என்ற பயத்தில்தான் போனில் கேட்கச் சொன்னார் என்பது அவருக்கே அப்போது தெரியாது. அன்றிலிருந்து அவள் பேரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது. மொபைலும் வாங்கக் கூடாது. மொபைல் இருந்தால் பிள்ளைகள் கெட்டுப்போகும் என்பது அவர் கண்டுபிடிப்பு. அவளுக்கு அவன் பழக்கமானதே மொபைலில்தானாம்.

தார்நாகா ஒன்றும் சீமையில் இல்லை. செகந்திராபாத்தில் ஒரு பஸ் மாறினால் போதும். மாறலாம்தான். ஆனால் சுபேதார் சம்பந்தம் மாறுவாரா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டர்ர்ர் ஆரம்பித்தபோது அவருக்குப் பொறுக்கவில்லை. துப்பாக்கிச் சத்தம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். இந்தக் கூத்தில் டெலிபோன் மணி அடித்துக் காதில் விழாமல் போய்விட்டால் என்ன செய்வது? ஒருவேளை போன வாரங்களில் அப்படித்தான் விழாமல் போயிருக்குமோ? பேப்பரை எறிந்துவிட்டுக் கிரியின் அறைக்குள் போனார்.

கிரி விளையாடிக்கொண்டிருந்தான். கிட்டு கேபினெட்டின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்க்ரூடிரைவரும் கையுமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். கோயில் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்கிறவன்கூட இதைவிடச் சுறுசுறுப்பாக இருப்பான்.

“எழுந்திரு” என்றார் சம்பந்தம்.

குனிந்து ஸ்பீக்கரில் காதை வைத்தார். கண்ணை மூடினார். ஒரே சீராக, விட்டு விட்டுத் துடிக்கிற சத்தம். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

“ஃபேனாம், ராமாம். டேய், இது கம்ப்யூட்டர் சத்தமே இல்ல. வெளியேருந்து வருது. இங்க எங்கயோ பக்கத்துல ஒரு டிரான்ஸ்மிட்டர் கீது.”

கிட்டு ஸ்க்ரூடிரைவரைக் கீழே போட்டான். கிரி திரையிலிருந்து கண்ணை எடுத்தான். அந்த நொடியில் அவனை யாரோ சுட்டுவிட்டார்கள்.

“உன் மொபைல எடு. ஆஃப் பண்ணு” என்றார் கிட்டுவிடம். கிட்டு அணைத்தான். டர்ர்ர் நிற்கவில்லை. “அப்ப இது இல்ல. வேற ஒண்ணு. விடு, நான் புடிக்கிறேன்.”

“ஸ்பீக்கர் ஒயர் லூஸா இருக்கும் அங்கிள்” என்றான் கிட்டு அவசரமாக.

“ஒயராம். வாய மூடு.”

“அப்பா, விடுங்கப்பா. எனக்கு ஆட்டமே வேணாம், நான் நிறுத்திடறேன்” என்று கிரி எழுந்தான்.

“கைக்கு, எதுக்கு நிறுத்தறே? நக்கோ. உக்காந்து ஆடு. நீ அணைச்சா ஸ்பீக்கரும் அடங்கிடும், அப்புறம் அடுத்த வாரம்தான். இத்தினி வாரம் இன்ஜினியர் ஆடுன ஆட்டத்தைப் பாத்தேன். இன்னிக்கு எப்பிடிக் கண்டுபுடிக்கிறாங்கன்னு நீங்க பாருங்க.”

தன்னுடைய டிரான்சிஸ்டரை எடுத்து வந்தார். எந்த ஸ்டேஷனும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தினார். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் பிடித்தார், டர்ர்ர். ஜன்னல் பக்கம் போனார், தேய்ந்தது. வாசல் பக்கம் போனார், செத்தே போனது. மேஜைக்குப் பின்னால் சுவரில் ஒட்டிவைத்தார், டிரான்சிஸ்டர் அலறியது.

“சுவத்துக்கு அந்தாண்ட” என்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறையை ஒட்டிய வாஷ் ஏரியா. துணி துவைக்கிற இடம். கிரி, “அப்பா, ஒரு நிமிஷம்” என்று கையைப் பிடித்தான். சம்பந்தம் உதறினார். பின் வீட்டுக்காரன் ஆன்டெனா, பக்கத்து ராணுவ ஸ்டேஷன், திருட்டு வயர்லெஸ் வைத்திருக்கும் எவனோ ஒருவன் என்று மனசுக்குள் வரிசை கட்டிக்கொண்டே நடந்தார். எத்தனை வருஷமாயிற்று இப்படி ஒன்றைத் துரத்திப் பிடித்து. உண்மையைச் சொன்னால் சந்தோஷமாக இருந்தார். ஹாலைத் தாண்டும்போது டெலிபோனைத் திரும்பிப் பார்க்கக்கூட மறந்துவிட்டார்.

சமையலறையில் விஜயகுமாரி இல்லை. வாஷ் ஏரியாக் கதவு சாத்தியிருந்தது. கிட்டே போகப் போக டிரான்சிஸ்டர் உறுமியது. அதன் ஒலியைக் குறைத்தார். அப்போதுதான் கதவுக்குப் பின்னால் அவள் குரல் கேட்டது.

“புளிய ரொம்ப நேரம் கொதிக்க வுடாதடி, கசந்துடும். ம்? அவருக்கு இருமல் வுட்டுச்சா? வெந்நி வெச்சுக் குடு. தினம் சாயங்காலம் ஆபீஸ்லேர்ந்து வந்ததும் தலைக்கு ஊத்திக்க வேணாம்னு சொல்லு.”

சம்பந்தம் கதவைத் திறந்தார்.

விஜயகுமாரி வாஷிங் மிஷின் மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். காதில் ஒரு சின்ன மொபைல். அவரைப் பார்த்தாள். ஒளிக்கவில்லை. முகத்தில் பயம்கூட இல்லை. பிடிபட்டதில் ஒரு பெரிய அலுப்பு மட்டும்தான் இருந்தது.

“யாரு?” என்றார் சம்பந்தம். தெரிந்துகொண்டே கேட்டார்.

அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். “வெச்சுட்டா” என்றாள். “உங்க குரல் கேட்டுது இல்ல, வெச்சுட்டா.”

அவர் கையிலிருந்த டிரான்சிஸ்டர் அடங்கிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கமும் டர்ர்ர் நின்றுவிட்டது. துப்பாக்கிகளும் நின்றுவிட்டன, கிரி ஆட்டத்தை அணைத்துவிட்டான்.

“எத்தினி நாளா?”

“இன்கமிங் ஃப்ரீ ஆனதுலேர்ந்து. கிட்டுதான் வாங்கிக் குடுத்தான். இங்கதான் சிக்னல் வருது. பேசறது ஹால்ல கேக்கும்னு கிரி அந்தக் கருமத்தைச் சத்தமாப் போட்டு ஆடுவான். அவனுக்கு அந்த ஆட்டமே புடிக்காது. இந்த ஸ்பீக்கர் இப்பிடிக் காட்டிக் குடுக்கும்னு எவனுக்குத் தெரியும்?”

“கிட்டுவுக்குமா தெரியும்?”

“முத நாளே சொல்லிட்டான், ஆன்ட்டி, இது போனாலதான்னு. நீங்க கேட்டா வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளிடான்னு நான்தான் சொன்னேன். பாவம் அந்தப் புள்ள, உங்க வாய்ல வுழுந்து எழுந்தான்.”

சம்பந்தத்துக்குக் கோபம் வர வேண்டும். வந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். கோபம் அவருக்குக் கைவந்த கலை. வரவில்லை. மகளைத் தள்ளிவைத்துவிட்டேன் என்று இத்தனை நாள் மார்தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் பாட்டுக்கு வாராவாரம் போன் வழியாக வீட்டுக்குள் வந்து அம்மாவிடம் குழம்புக்குப் பக்குவம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். மாடி வீட்டுப் பையன் வரைக்கும் உள்ளே இருந்திருக்கிறான். தள்ளிவைக்கப்பட்ட ஆள் யார் என்று இப்போது தெரிந்தது.

“என்னைப் பத்திக் கேப்பாளா?” என்றார்.

“ஹவ், ஆமா, கேப்பா. முத கேள்வியே அதான். ‘அப்பா ஹால்லதான் இருக்காரா, எழுந்து வந்துடமாட்டாரே’ன்னு கேப்பா. வரமாட்டார்னு நான் சொன்னப்புறம்தான் மத்த பேச்சு.”

கிரியும் கிட்டுவும் சமையலறை வாசலில் வந்து நின்றார்கள். சம்பந்தம் டிரான்சிஸ்டரை வாஷிங் மிஷின் மேல் வைத்தார். கையை நீட்டினார். விஜயகுமாரி கொஞ்சம் யோசித்துவிட்டு மொபைலை அவர் கையில் வைத்தாள். அதை எப்படிப் பிடிப்பது, எதை அமுக்குவது என்று சிக்னல்ஸ் சுபேதாருக்குத் தெரியவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிட்டு ஒரு அடி முன்னால் வந்து, அவனே பொத்தானை அமுக்கிக் கொடுத்தான். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. பிறகு வெட்டுப்பட்டது. கிட்டு மறுபடி அமுக்கினான். இந்தத் தடவை மணியே போகவில்லை. போன் அணைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் தெலுங்கில் சொன்னது, இந்தியில் சொன்னது, இங்கிலீஷிலும் சொன்னது. சம்பந்தம் மூன்றையும் கடைசிவரை கேட்டார்.

மொபைலை மனைவியிடம் கொடுத்தார்.

“அடுத்த ஞாயித்துக்கிழமை பண்ணுவாள்ல விஜயா?”

விஜயகுமாரி கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“தெரியல. அன்னிக்கு நீங்க ஊர்ல இருக்கமாட்டீங்கன்னு சொல்லிப் பாக்கறேன்” என்றாள்.