புதைக்காத விளிம்பு

ஓடைப் பாதுகாப்பு அலுவலகத்தில் அவளுக்கு இழுவை என்று பெயர். வைத்தவர் ஜீப் டிரைவர்.

ஓடையோரம் யார் மண் தோண்டினாலும், மழையில் அந்த மண் கரைந்து ஓடைக்குள் போகாதபடி சரிவின் அடியில் கறுப்புத் துணி கட்ட வேண்டும். கட்டினால் மட்டும் போதாது. பள்ளம் வெட்டி, துணியின் அடிவிளிம்பை அதில் புதைக்க வேண்டும். புதைத்திருக்கிறார்களா என்பது பார்த்தால் தெரியாது. காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டால் எல்லாத் துணியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் அவள் குனிந்து, இரண்டு கையாலும் பிடித்து ஒரு இழு இழுப்பாள். நாலு பேர் முன்னால் பேச வராத பெண்ணுக்கு வசதியான வேலை. துணி கையோடு வந்துவிட்டால் அவள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

நாற்றுப்பண்ணைக்காரரின் துணி இரண்டு முறை கையோடு வந்தது.

“என்னம்மா, கோவணத்தை உருவுற மாதிரி உருவுறே!” என்று கத்தினார். டிரைவர் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூன்றாம் முறை துணி அசையவில்லை. “போதுமா? வேணும்னா தொங்கிப் பாரு” என்றார் பண்ணைக்காரர்.

பண்ணைக்கு அடுத்த மனையில் அவளுடைய மாமா வீடு கட்டிக்கொண்டிருந்தார். அம்மாவின் தம்பி. கல்லூரிக்கு அவளைத் தினமும் பைக்கில் கொண்டுபோய் விட்டவர். அங்கே சோதனைக்குப் போன அன்று, அஸ்திவாரம் தோண்டுகிற ஆட்களையெல்லாம் கூப்பிட்டு நிறுத்தினார்.

“எங்க அக்கா பொண்ணு. மீனுக்கெல்லாம் கலெக்டர். பாத்து நடந்துக்குங்கப்பா.”

எல்லோரும் சிரித்தார்கள். அத்தை டீ கொண்டுவந்து கையில் கொடுத்தாள். துணியின் அடியில் மண் பொலபொலவென்று கிடந்தது. மிதித்து இறுக்கிய தடமே இல்லை. இழுத்தால் வந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. இத்தனை பேர் முன்னால், மாமாவின் கண் எதிரே, கையோடு வரும். டீக் கிளாசை இடது கையில் வைத்துக்கொண்டு வலது கையால் துணியைத் தட்டினாள். குழந்தையைத் தூங்க வைப்பதுபோல.

“எல்லாம் சரியா இருக்கா, மருமகளே?”

“ம்.”

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது.

மழை விட்டதும் அலுவலகப் பொறியாளர் ஓடைக்குள் இறங்கினார். அவளும் இறங்கினாள். இந்த ஓடையின் மீன் விரல் நீளம்கூட இருக்காது. வேறு எந்த ஓடையிலும் இல்லை. கூழாங்கல்லுக்கு அடியில் முட்டை ஒட்டும். ஆண் மீன் பக்கத்திலேயே நின்று துடுப்பால் விசிறிக்கொண்டிருக்கும். கற்களின் இடுக்கில் தண்ணீர் ஓடினால்தான் முட்டைக்கு மூச்சு. பொறியாளர் ஒரு கல்லைப் புரட்டினார். இடுக்கெல்லாம் அரைத்த மாவு மாதிரி சேறு. முட்டைகள் வெளுத்திருந்தன.

“மேல்படுகை போச்சு” என்றார். “வளைவுக்குக் கீழே இருக்கறது இன்னும் தப்பிச்சிருக்கு. இன்னொரு மழை இப்படி வந்தா அதுவும் அவ்வளவுதான்.” வானத்தைப் பார்த்தார். மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. “மேலே ரெண்டே இடம்தான். பண்ணை, இவங்க மாமா மனை. மனையை யாரு பாத்தா?”

“இழுவைதான் சார்” என்றார் கரையில் நின்ற டிரைவர். “அது கை வச்சா அப்பீலே கிடையாது.”

“அப்போ பண்ணைக்காரர்தான். நம்மளை ஏமாத்தியிருக்கார்.”

அவள் கரையேறி ஜீப்பின் பின்சீட்டில் உட்கார்ந்தாள். ஜீப் பண்ணைக்குப் போனது.

பொறியாளர் எடுத்த எடுப்பில் பண்ணையை மூட வைக்கப்போவதாகச் சொன்னார். பண்ணைக்காரர் கத்தவில்லை. அவளைப் பார்த்துக் கை காட்டினார்.

“அந்தப் பொண்ணையே இழுத்துப் பாக்கச் சொல்லுங்க சார்.”

அவள் குனிந்து இழுத்தாள். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். வந்துவிடாதா என்றுகூட இருந்தது. அப்படி நினைத்ததும் கையை விட்டுவிட்டாள்.

“தண்ணி துணிக்கு மேலே தாண்டிப் போயிருக்கும்” என்றார் பொறியாளர்.

“சார். மாமாவோடதை நான் இழுக்கல.”

“என்னம்மா? சத்தமா சொல்லு.”

சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. டிரைவர் ஜீப் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கேலி செய்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

மாமா மனையில் தாமதிக்காமல் குனிந்தாள். கொடியிலிருந்து புடவை வருவதுபோலத் துணி முழு நீளத்துக்கும் வந்தது. அடியில் சேறு போன வழிகள் விரல் விரலாகத் தெரிந்தன. எல்லோரும் பார்த்தார்கள்.

“புதைக்கணுமா?” என்றார் மாமா. “மேஸ்திரி, கட்டினா போதும்னாரு. நீயும் வந்து பாத்தியே. சரின்னியே.”

அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே தோண்டியிருப்பேன். அரை நாள் வேலை. என்கிட்ட சொல்ல உனக்கென்னடி பயம்? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?”

அவருடைய மானத்தைக் காப்பாற்றியதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

ஆட்கள் பள்ளம் வெட்டத் தொடங்கினார்கள். பண்ணைக்காரர் மண்வெட்டியோடு வேலி தாண்டி வந்தார். “இன்னும் ஆழமா வெட்டுங்கப்பா. நான் ரெண்டு தடவை பட்டிருக்கேன்.” அவள் அவரருகே போய் நின்றாள். சொல்ல நினைத்ததைத் தொடங்கும் முன்பே, “அந்த முனையைப் பிடி” என்றார். முகத்தைப் பார்க்கவில்லை. பிடித்தாள். மண் போட்டு மூடி மிதித்து இறுக்கும்போது முதல் தூறல் விழுந்தது.

“இழு” என்றார் மாமா. மருமகளே என்று சொல்லவில்லை.

இழுத்தாள். அசையவில்லை.

மழை ராத்திரி முழுக்கப் பெய்தது. காலையில் ஓடைக்குப் போனாள். வளைவுக்குக் கீழே தண்ணீர் தெளிவாக இருந்தது; கல்லுக்கடியில் துடுப்பு அசைவது தெரிந்தது. பிறகு மேல்படுகைக்கு நடந்தாள். போயிருக்க வேண்டாம். பொறியாளர் புரட்டிய கல்லின் பக்கத்தில், சேற்றில் பாதி புதைந்த வெளுத்த முட்டைகளுக்கு ஒரு மீன் விசிறிக்கொண்டிருந்தது.

“மீன் இருக்கா?” என்று கரையிலிருந்து டிரைவர் கேட்டார். இழுவை என்று கூப்பிடவில்லை.

“இருக்கு” என்றாள்.