வாயில் வளர்ந்த முகம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, தலையை ஆட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்திருந்தபோது காதில் விழுந்தது. சொன்னவர் கடைக்காரர். அவருக்குத் தெருவில் ‘வானொலி’ என்று பெயர். [ஏன் என்று விளக்கத் தேவையில்லை.]

2

முதல் தொடக்கம்: “அடர்ந்த புருவம், சப்பை மூக்கு, அவனுடைய தாடை...”

வேண்டாம். இந்த வாக்கியத்தால்தான் எல்லா வம்பும்.

இரண்டாவது தொடக்கம்: வானொலியிடம் முடி வெட்டிக்கொண்டு போன ஒருவன், பைக்கைக் கிளப்பிய வேகத்தில் எதிர்க்கடை டீக்காரரை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டான். டீக்காரருக்குக் கால் முறிந்தது. இடித்தவன் முகத்தைப் பார்த்தது வானொலி ஒருவர்தான்.

இது பரவாயில்லை.

3

அன்றிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்த எல்லோருக்கும் அந்த முகத்தை வர்ணித்தார். அடர்ந்த புருவம் நாளாக ஆக ஒட்டிய புருவமானது. “முழி எப்படிண்ணே?” என்று யாரோ கேட்க, திருட்டு முழியும் சேர்ந்தது. கண், காது, மூக்கு வைத்துப் பேசுவது என்பார்கள். இவர் அதை நிஜமாகவே செய்தார்.

[அவர் மனைவி: “பேசிப் பேசி நீங்களே ஒரு மூஞ்சியச் செஞ்சிட்டிருக்கீங்க.”]

4

காவல் நிலையம். வானொலியின் வர்ணனையை வைத்துப் போலீஸ் பிடித்து வந்த ஆறு பேர் வரிசையாக நின்றார்கள். மூன்றாவது ஆளிடம் வானொலியின் கண் நின்றது. ஒட்டிய புருவம், சப்பை மூக்கு, அவர் சொல்லிச் சொல்லி வைத்த அதே ஆள். அந்த ஆளின் மனைவி வெளியே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

வானொலி விரலை நீட்டி, “இவன்தான்” என்று

இந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. முடித்தால் ஒரு குடும்பம் தெருவில் நிற்கும். பேனாவைத் தாளிலிருந்து எடுத்தேன்.

அவரும் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். அன்று நாற்காலியில் இருந்தவனை நினைத்துப் பார்த்தார். முகம் வரவில்லை, தன் குரல்தான் திரும்பக் கேட்டது.

“ஐயா, எல்லாரையும் திரும்பி நிக்கச் சொல்லுங்க.”

“பின்மண்டையப் பாத்து என்னய்யா பண்ணப் போறே?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“அதப் பத்தி மட்டும்தான் நான் யார்கிட்டயும் பேசலைங்க.”

அன்று வெட்டிய தலையில் இரட்டைச் சுழி. எந்தப் பக்கம் சீவினாலும் முடி எழுந்து நின்று அவர் உயிரை வாங்கியிருந்தது. எல்லோரும் முகத்தையே கேட்டதால் அந்தச் சுழி வாயில் அகப்படாமல் தப்பியிருந்தது.

மூன்றாவது ஆள் திரும்பினார். ஒற்றைச் சுழி. மற்ற ஐந்து பேருக்கும் அப்படியே.

“இவர் இல்லீங்க,” என்றார் வானொலி. அப்பாடா என்றிருந்தது. “இந்த ஆறு பேர்ல யாருமே இல்ல.”

வெளியே அந்த மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். நானும் பேனாவை வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

5

முடிவுகள்: (அ) இடித்தவன் தானே வந்து டீக்காரரிடம் மன்னிப்புக் கேட்கிறான். (ஆ) அகப்படவே இல்லை. (இ) மறுபடி முடி வெட்டிக்கொள்ள வருகிறான். வானொலியின் சீப்பு உச்சியில் நிற்கிறது.

எது என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வேறு கவலை. இரண்டாம் பகுதியில் நான் பாதியில் விட்ட வாக்கியம் இருக்கிறதே, அதைப் படித்த உங்கள் மனதிலும் இந்நேரம் ஒரு முகம் உட்கார்ந்திருக்கும். நாளைக்கே தெருவில் அப்படி ஒருவர் எதிரே வரலாம்.

அவரை வீட்டுக்குப் போக விடுங்கள்.