செலாமிக்கு வைத்த பீன்ஸ் விருந்து

எங்கள் தலாஸ் பள்ளத்தாக்கில் பீன்ஸ் பயிரிடாத வீடு கிடையாது. பீன்ஸ் தின்கிற வீடும் கிடையாது. வெள்ளைக் கொட்டையாகக் காயவைத்துத் துருக்கி வியாபாரிகளுக்கு விற்போம். அந்தக் காசில் ரொட்டிக்கு மாவு வாங்குவோம். கோதுமை விளைந்த நிலத்தை அவர்கள் பேச்சைக் கேட்டு மாற்றிய புத்திசாலிகள் நாங்கள்.

அந்த வருஷம் ஆலங்கட்டி மழை. எங்களுக்குத் தேறியது நாலே மூட்டை. செலாமி என்கிற வியாபாரி கொட்டையில் கறை என்று சொல்லி விலையைப் பாதியாக்கினார். மாவுக்குக்கூடக் காணாது என்று என் கணவர் கென்ஜெபாய் கெஞ்சினார்.

"விக்காம என்ன பண்ணப் போறீங்க தம்பி? நீங்கதான் இதைத் தின்ன மாட்டீங்களே."

அவர் சொன்னது உண்மை என்பதால் எனக்கு இன்னும் எரிந்தது.

வியாபாரிக்கு விருந்து வைப்பது வழக்கம் என்பதால் மறுநாள் அவருக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு. விருந்தாளிக்கு ஆட்டுத் தலையை அவித்து முன்னால் வைப்பதுதான் மரியாதை. நான் ஆட்டைத் தொடவேயில்லை. பீன்ஸை வெங்காயம், தக்காளியோடு வேகவைத்து அவர் முன் வைத்தேன். கூட உட்கார்ந்திருந்த அக்கம்பக்கத்து ஆண்கள் விறைத்துப்போனார்கள். எங்கள் ஆளாக இருந்தால் அந்த அவமானத்துக்குப் பிறகு செத்தாலும் எங்கள் வாசலை மிதிக்க மாட்டார்.

செலாமி வழித்துத் தின்றார். "எங்கம்மா கைப்பக்குவம், தங்கச்சி" என்று கண் கலங்கி இன்னொரு தட்டு கேட்டார். அவமானப்படுத்தப் போய் அவர் வயிற்றைக் குளிரவைத்துவிட்டேன். சும்மா விடுவேனா? உங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் இது என்ன விலை என்று பவ்யமாகக் கேட்டேன். உண்ட மயக்கத்தில் சொல்லிவிட்டார். ஒரு தட்டின் விலைக்கு எங்களிடம் ஒரு வாளி நிறைய வாங்கிக்கொண்டிருந்தார். ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். எங்கள் தெருவில் அன்றைக்கு ஒரு மூட்டைகூட அவர் லாரியில் ஏறவில்லை.

பனிக்காலம் முழுக்க அதையே தின்றோம். பிள்ளைகள் ரொட்டி கேட்டு அழுதார்கள். போகப்போக அக்கம்பக்கத்தார் மனம் தளர்ந்து வந்த விலைக்கு விற்றுவிட்டார்கள். கணவர் தட்டைத் தள்ளும்போதெல்லாம், "செலாமியைக் கடிக்கிறதா நெனைச்சுக் கடிங்க" என்பேன். நானும் அப்படித்தான் மென்றேன்.

வசந்தத்தில் செலாமி திரும்ப வந்தார். அவர் ஊரில் சரக்குக்குத் தட்டுப்பாடாம். விதைக்கு வைத்த மூட்டை இருந்தாலும் போதும், கேட்ட விலை தருகிறேன் என்று வாசலிலிருந்தே கத்தினார். எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. துணி துவைக்கக் கொதித்துக்கொண்டிருந்த கொப்பரையில் எங்களிடம் மிஞ்சியிருந்த ஒரே விதை மூட்டையை அவிழ்த்துக் கொட்டினேன். செலாமியின் முகம் தொங்கிப்போனது. அந்த முகத்துக்காக இன்னொரு மூட்டையும் கொட்டியிருப்பேன்.

கணவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இனி விதைக்கு யார்கிட்ட போறது, அய்னாகுல்?"

விதை விற்பதும் செலாமிதான். எனக்கு உறைக்கும் முன்பே செலாமிக்கு உறைத்துவிட்டது. நிதானமாக உள்ளே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"வேகட்டும் தங்கச்சி. ஒரு தட்டு வை."

உட்கார்ந்து கேட்டவருக்கு இல்லையென்று சொல்ல எங்கள் ஊரில் வழியில்லை. வைத்தேன், உப்புப் போடாமல்.