அக்காவின் துப்பாக்கியில் இரண்டு திருகுகள்

நவம்பர் 6, வியாழன். இன்று ஒரு சின்னத் தவறைக் கண்டுபிடித்தேன். அக்காவின் துப்பாக்கியில் தோட்டாத் தாங்கியைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளையும், சோதித்துப் பார்த்த பிறகு, இன்னொரு கால்வட்டம் இறுக்கியிருக்கிறேன். அதற்குப் பிறகு சோதிக்கவில்லை. பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. அவளிடம் சொல்லிவிட வேண்டும்.

எழுதி முடித்ததும் ‘பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது’ என்பதை டோபின் அடித்தான். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, அடித்ததற்கு மேலேயே அதே வார்த்தைகளைத் திரும்ப எழுதினான்.

அவன் உட்கார்ந்திருந்தது காலேஜின் மாலை வகுப்பில், கடைசிக்கு முந்தைய வரிசையில். இருபத்துநாலு வயது. பகலில் தீவனமும் இரும்புச் சாமானும் விற்கும் கடையில், பின்பக்கத் துப்பாக்கிப் பிரிவில் வேலை. கையால் செய்த ஒரு வேலையை ஒரு படிகூட விடாமல் வரிசையாக எழுதுங்கள் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். பக்கத்தில் இருந்தவள் ஆப்பிள் பை சுடுவதை எழுதினாள். முன்னால் இருந்தவர் டயர் மாற்றுவதை எழுதினார். டோபினுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எதைச் செய்தாலும் குறிப்பேட்டில் எண் போட்டு எழுதி, முடிந்ததும் டிக் அடிப்பவன் அவன். குறிப்பேட்டில் அக்கா துப்பாக்கிக்கான பக்கத்தைத் திறந்து வைத்துப் பார்த்து எழுத ஆரம்பித்தான்.

ஏழாவது படி: வெடிக்காத பயிற்சித் தோட்டா போட்டு இருபது தடவை ஓட்டிப் பார்த்தது. டிக். எட்டாவது படி: அக்கா வீட்டில் தாங்கி லேசாக ஆடியது, திருகுகளை இறுக்கினேன். டிக். அதற்குக் கீழே வெள்ளைத் தாள்.

கார்லிஸ் அவனைவிட ஏழு வயது மூத்தவள். ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் நர்ஸ். ஆகஸ்டில் கணவன் லைலை விட்டு வந்து, எட்டு வயது மகள் ஜூனியோடு, செத்துப்போன அப்பாவின் வீட்டில் இருந்தாள். சரளைக்கல் ரோட்டின் கடைசி வீடு. போலீஸைக் கூப்பிட்டால், ஓடையில் தண்ணீர் குறைவாக இருக்கும் நாளில் நாற்பது நிமிஷத்தில் வந்து சேருவார்கள். அந்த ரோட்டில் கதவுக்குப் பின்னால் குடை வைப்பதுபோல எல்லார் வீட்டிலும் ஒரு துப்பாக்கி இருக்கும். அவள் வீட்டில் இருந்தது அப்பா வான்கோழி சுட்ட பழைய துப்பாக்கி. முன்பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும் வகை.

கிளம்பும்போது லைல் சொன்னானாம்: “மூணு மாசம். அதுக்கு மேல நீ தனியாத் தாங்க மாட்டே.”

அவள் டோபினிடம் கேட்டது ஒன்றே ஒன்று. “கட்டை எனக்கு நீளமா இருக்குடா. தோள்ல வெச்சா முன்பிடிக்குக் கை எட்டல. கொஞ்சம் குட்டையாக்கிக் குடு. அவ்வளவுதான்.”

அவ்வளவோடு நிறுத்த அவனால் முடியவில்லை. கடையில் ஊழியருக்குத் தள்ளுபடி உண்டு. மூன்று நாள் பட்டியல் போட்டான். கட்டையைக் குட்டையாக்குவது முதலில். வீட்டுக்குள் திரும்ப வசதியாகக் குட்டைக் குழல். எதிரே நிற்பவர் யாரென்று தெரிய டார்ச். பக்கவாட்டில் ஆறு தோட்டா செருகும் தாங்கி. தோளில் மாட்ட வார். விரலுக்குத் தட்டுப்படும் பெரிய பாதுகாப்புப் பொத்தான். தீவனக் கவுண்டரில் இருக்கும் வோண்டா எட்டிப் பார்த்துவிட்டு, “ஏம்ப்பா, அது துப்பாக்கியா, கிறிஸ்துமஸ் மரமா? உச்சியில நட்சத்திரம் ஒண்ணு பாக்கி இருக்கு பாரு” என்றாள். கடையே சிரித்தது. டோபினும் சிரித்தான். ஆனால் எதையும் கழற்றவில்லை. அக்காவுக்குத் தன்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான் என்று அவனுக்கு இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோனான். சமையலறை மேஜையில் வைத்து, திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று அவளுக்குக் காட்டினான். அப்போதுதான் தாங்கி கட்டைவிரலுக்கு அடியில் ஒரு மயிரிழை ஆடியது. பையில் திருகுச்சாவி இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கால்வட்டம். இனி ஆடாது. அவள் கையில் கொடுத்தான்.

அவள் முன்பிடியைத் தள்ளி மூடி, மறுபடி இழுத்தாள். “இறுக்கமா இருக்கேடா.”

“புதுச் சாமான் அக்கா, போகப்போக இளகிடும். நல்லா பலமா இழு. பூனைக்குட்டியத் தடவுற மாதிரித் தடவுனா எப்படி? கையில பலமே இல்லையா உனக்கு?”

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள், ஒரு நொடி பிந்தி. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். வந்தது. “சரி, பழகிக்கிறேன்” என்றாள்.

அந்தத் திருகுகள் இரண்டும் துப்பாக்கியின் உடம்பைக் குறுக்காகத் துளைத்துப் போகின்றவை. அதிகம் இறுக்கினால் உடம்பு நெருங்கி, முன்பிடியோடு உள்ளே ஓடுகிற பாகத்தைக் கவ்விப் பிடிக்கும். தாங்கியோடு வரும் துண்டுத்தாளிலேயே அது இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு பேருக்காவது அவனே சொல்லி அனுப்புகிற விஷயம்.

வகுப்பு விட்டதும் வண்டியில் உட்கார்ந்து போன் செய்தான். அவள் வேலைக்குப் போயிருந்தாள். செய்தி சொல்லுங்கள் என்று மெஷின் கேட்டது. பீப் சத்தம் வந்ததும் வாயைத் திறந்தான், மூடினான், துண்டித்தான். இதை ஒரு மெஷினிடம் எப்படிச் சொல்வது? நேரில் சொல்லலாம்.

வெள்ளிக்கிழமை கடையில் மூச்சுவிட நேரமில்லை. மான் வேட்டை தொடங்க எட்டு நாள்தான் இருந்தது. தொலைநோக்கி பொருத்தவும் தோட்டா வாங்கவும் வரிசை வாசல்வரை நின்றது. ஆனாலும் மூன்று தடவை சாமான் அறைக்குப் போய்ப் போனைக் கையில் எடுத்தான். முதல் தடவை, ஷிப்ட் முடிந்து தூங்குவாள், எழுப்பக் கூடாது என்று நினைத்தான். இரண்டாவது தடவையும் அதையே நினைத்தான். மூன்றாவது தடவை, ‘நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதானேடா’ என்று அவள் சொல்வது காதில் கேட்டது. சட்டைப் பையில் போனைத் திரும்பப் போட்டான். தூங்குகிறவளை எழுப்பக் கூடாது என்பது நல்ல காரணம்தான். நல்ல காரணம் ஒன்று அகப்பட்டால் போதும், ஆள் அதற்குள் போர்த்திப் படுத்துவிடலாம்.

சனிக்கிழமை காலை அவளே கடைக்குப் போன் செய்தாள்.

“நாளைக்கு உன் வண்டி வேணும்டா.”

“எதுக்கு?”

“சாமான் ஏத்தணும். லைல்கிட்டப் பேசிட்டேன். நாங்க அங்கயே திரும்பிப் போறோம்.”

அவன் வோண்டாவிடம் துப்பாக்கிப் பிரிவின் சாவியைக் கொடுத்தான். “என்னப்பா, பேயடிச்ச மாதிரி இருக்கே?” என்றாள். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

அக்கா வீட்டுக் கூடத்தில் நாலு அட்டைப்பெட்டி இருந்தது. ஜூனி பள்ளித் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். துப்பாக்கி சமையலறை மேஜைமேல், சுவரைப் பார்த்தபடி கிடந்தது. முன்பிடி பாதி தூரம் வந்து நின்றிருந்தது.

“நேத்துக் காலைல பத்து மணி இருக்கும்,” என்றாள் அவள், பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே. “நல்லாத் தூங்கிட்டிருந்தேன். பின்கதவை யாரோ புடிச்சு உலுக்குற சத்தம். இதை எடுத்துக்கிட்டு வந்தேன். இழுத்தேன். பாதியில நின்னுடுச்சு. முன்னாலயும் போகல, பின்னாலயும் வரல. நீ சொன்ன மாதிரி பலமா இழுத்தேன்டா. முட்டியால அணைச்சுக்கிட்டுக்கூட இழுத்தேன். அசையல. ராத்திரி போட்ட சாக்ஸோட, கதவைப் பாத்துக்கிட்டு அப்படியே நின்னேன்.”

“யாரு அது?”

“ஒரு கிழவர். ராக்கூன் வேட்டைக்குப் போன நாய் ராத்திரியெல்லாம் காணோமாம். நம்ம பின்படிக்கு அடியில மாட்டிக்கிட்டு முனகுது. ‘அம்மா, யாராவது இருக்கீங்களா, என் ராணி உள்ள இருக்கா’ன்னு கத்துறாரு. நாய்க்குப் பேரு ராணி. வெளிய எடுத்துவிட்டு, ரெண்டு பேருக்கும் ரொட்டி குடுத்து அனுப்புனேன்.”

“அப்பாடா. நல்லவேளை துப்பாக்கி ஓடல, அக்கா. ஓடியிருந்தா...”

சொன்ன பிறகுதான் என்ன சொல்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்தது. நடந்தது நல்லதற்கே என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்திருக்கிறான்.

அவள் நிமிர்ந்தாள். “கதவுக்குப் பின்னால இருக்குறவர சுடுவேன்னு நெனச்சியா? எனக்கு அவ்வளவு அறிவு இல்லையா? அது இல்லடா விஷயம். அது நாய் தேடி வந்தவரா இல்லாம இருந்திருந்தா? என் கையில பலம் இல்ல. நீ அன்னைக்கே சொன்னே. லைல் பத்து வருஷமாச் சொல்றான். நான்தான் கேக்கல. மூணு மாசம்னான். எண்ணிப் பாரு, சரியா மூணு மாசம்.”

ஜூனியின் துணிகளை எடுக்க அவள் மாடிக்குப் போனாள்.

டோபின் பையிலிருந்து திருகுச்சாவியை எடுத்தான். மேல் திருகை ஒரு கால்வட்டம் தளர்த்தினான். கீழ்த்திருகை ஒரு கால்வட்டம். முன்பிடியைத் தொட்டான். வெண்ணெயில் கத்தி போனதுபோல ஓடியது. தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேஜையில் நிறுத்தினான். ஐந்து. உள்ளே விரல் விட்டுப் பார்த்தான், காலி. எல்லாம் ஒரு நிமிஷத்து வேலை. சாவி பைக்குள் போய்விட்டது. மாடியில் இழுப்பறை திறந்து மூடும் சத்தம் கேட்டது.

அவள் கையில் துணிக்கட்டோடு இறங்கி வந்தாள். மேஜைமேல் நிற்கும் தோட்டாக்களைப் பார்த்தாள். துணியை வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்து, உள்ளே பார்த்து, ஒருமுறை ஓட்டினாள். இன்னொருமுறை ஓட்டினாள். அது சொன்னபடி கேட்டது. பிறகு தன் வலது கையைத் திருப்பி, இதுவரை பார்த்திராத ஒன்றைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“அப்ப நான்தான்,” என்றாள். குரலில் கோபமே இல்லை. “பயத்துல கை செத்துப்போச்சு.”

பேசாமல் இருந்தால் போதும். அவள் பெட்டியை ஒட்டுவாள், நாளைக்கு அவன் வண்டியில் ஏற்றுவான், யாருக்கும் எந்தக் காலத்திலும் தெரியாது. அவ்வளவு சுலபமாக இருந்ததுதான் அவனை உலுக்கியது.

“நீ இல்ல அக்கா.”

“விடுடா. ஆறுதல் சொல்லாத.”

“ஆறுதல் இல்ல. திருகு. நான் அதிகமா இறுக்கிட்டேன். அன்னைக்கு இங்க, இந்த மேஜையில. இறுக்கினா உள்ள கவ்விக்கும். நீ இல்ல, லைல் முட்டியால அணைச்சு இழுத்தாலும் வந்திருக்காது. இப்ப நீ மேல இருக்கும்போது தளத்திட்டேன்.” சாவியை எடுத்து ஐந்து தோட்டாக்களுக்குப் பக்கத்தில் வைத்தான். “சொல்லாமப் போயிடலாம்னுகூட நெனச்சேன்.”

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“எப்பத் தெரியும் உனக்கு?”

“வியாழக்கிழமை சாயந்திரம்.”

“இன்னைக்கு என்ன கிழமை?”

“சனி.”

“நான் கதவு முன்னால நின்னது?”

“வெள்ளி.”

அவன் குறிப்பேட்டை எடுத்து, வியாழக்கிழமைப் பக்கத்தைத் திறந்து அவள் முன் தள்ளினான். ஏன் அப்படிச் செய்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. அவள் படித்தாள். அடித்த வரியின்மேல் விரலை வைத்தாள்.

“அடிச்சுட்டு, மறுபடியும் எழுதியிருக்கியே.”

“ஆமா.”

“திருகு பரவால்லடா. ஆஸ்பத்திரியில நாங்களும் தப்புப் பண்றோம். கண்டுபுடிச்ச நிமிஷமே ஓடிப்போய்ச் சொல்லணும், அசிங்கமா இருந்தாலும். நீ என்னை ஒரு நாள் முழுக்க அந்தக் கதவு முன்னாலயே நிக்க வெச்சிருக்கே. கையில பலமில்லையான்னு கேட்டியே, அதைத்தான் பிடிச்சுக்கிட்டு நின்னேன். யாரு பேசுற பேச்சு அது, தெரியுதா?”

தெரிந்தது. வியாழக்கிழமையே தெரிந்திருக்க வேண்டும்.

“மன்னிச்சுடு அக்கா.”

“இன்னைக்கு முடியாது. வேற நாளு கேளு.” எழுந்தாள். பெட்டியின் டேப்பை நகத்தால் பிய்க்கப் பார்த்தாள். அது வரவில்லை. மேஜையிலிருந்து திருகுச்சாவியை எடுத்து அதன் முனையால் ஒரே இழுப்பாகக் கிழித்தாள். “நாளைக்கு வண்டி வேணாம். லைல்கிட்ட நான் பேசிக்கிறேன், அதுல நீ மூக்கை நுழைக்காத. இந்தச் சாவி இங்கயே இருக்கட்டும். நாளைக்கு அந்தத் துண்டுத்தாளோட வா. நீ வாசி, நான் திருகுறேன். தொடக்கூடாது நீ.”

“சரி.”

“இந்த வாரைக் கழட்டிடு. கதவுக் கைப்பிடியில எல்லாம் மாட்டுது. பெரிய பொத்தானும் வேணாம்.”

“டார்ச்?”

அவள் யோசித்தாள். “அது இருக்கட்டும். கிழவர்னு தெரிஞ்சுதான் ரொட்டி குடுக்கணும்.”

அவன் சிரிக்கலாமா என்று பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

நவம்பர் 8, சனி. சொல்லிவிட்டேன், இரண்டு நாள் தாமதமாக. அக்கா மன்னிக்கவில்லை. நாளை சர்ச் முடிந்ததும் அக்கா வீடு. கொண்டுபோக வேண்டியவை: துண்டுத்தாள், பயிற்சித் தோட்டா ஆறு, பழைய பொத்தான். வாரைக் கழற்ற வேண்டும். திருகுகளை அவள் இறுக்குவாள், நான் வாசிப்பேன். கடைசித் திருகுக்குப் பிறகு அவளே இருபது தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். டிக்கும் அவள்தான் போட வேண்டும்.