அறுபடத் தெரிந்த இணைப்பு

1

என் அக்காவைப் பற்றி ஊரறியப் பெருமையடிக்க வேண்டும். இந்தக் கதை பிறந்ததற்கு வேறு உயர்ந்த காரணம் கிடையாது. முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மோடத்தின் கீச்சொலி ஒரு புதிய யுகத்தின்…’

(படித்துவிட்டு அக்கா சொன்னாள்: “யுகம் கிகம்லாம் வேணாம்டா. எனக்கு வேலை வேணும்னு இருந்துச்சு. அதைச் சொல்லு.”)

சொல்கிறேன். அக்கா கட்டட வரைபடம் போடுபவள். கைக்குழந்தையோடு எங்கள் வீட்டில் இருந்தாள். வரைபடங்களை மின்னஞ்சலில் அனுப்ப முடிந்தால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஒரு நிறுவனம் சொல்லியிருந்தது. பழைய கணினி ஒன்றை வாங்கி, இலவசமாகக் கிடைத்த லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டாள். அப்போது இணையம், மோடம் என்ற பெட்டி தொலைபேசி லைனில் எண்ணை அழைத்தால்தான் வரும். வீட்டில் இருந்ததோ ஒரே லைன். அது அம்மாவுடையது. அம்மா மருத்துவச்சி.

“உன் மிஷினு லைனைப் பிடிச்சுக்கிட்டா, வலி எடுத்தவ யாரைடி கூப்பிடுவா?”

2

[இங்கே அம்மாவைக் கொடுமைக்காரியாக எழுதிப் பார்த்தேன். பாத்திரம் நிற்கவில்லை. அவள் கேட்டது நியாயம்.]

அந்த லினக்ஸில் எதுவும் தானாக நடக்காது. இந்த எண்ணுக்கு அடி, எதிர்முனை பெயர் கேட்டால் பெயரைச் சொல், கடவுச்சொல் கேட்டால் அதைச் சொல் என்று எல்லாவற்றையும் அக்காவே ஒரு கோப்பில் எழுதிவைக்க வேண்டும். ஒரு புள்ளி பிசகினாலும் மோடம் கீச்சிட்டு அடங்கிவிடும். பல நாள் மல்லுக்கட்டிய பிறகு இணைப்பு கிடைத்தது. அக்கா குதித்த குதியில் தூங்கிய குழந்தை அலறியது.

அம்மா அசையவில்லை. “இப்ப யாராவது கூப்பிட்டா?”

பேச்சின் நடுவே வேறு அழைப்பு வந்தால் ‘டொக்’கென்று ஒலிக்கும் வசதி எங்கள் லைனில் இருந்தது. அந்த ஒலி இணைப்பைக் கெடுக்கும், முதலில் அதை நிறுத்துங்கள் என்றுதான் கையேடுகள் எல்லாம் சொல்லின. அக்கா நிறுத்தவில்லை. அந்த ஒலி கேட்டதும் மோடம் லைனை விட்டுவிட்டால் போதாதா என்று தலைகீழாக யோசித்தாள்.

என்னை மருந்துக்கடைக்கு அனுப்பி, அங்கிருந்த தொலைபேசியில் வீட்டு எண்ணை அழைக்கச் சொன்னாள். வெகுநேரம் கழித்துத்தான் அம்மா எடுத்தாள். பேசியது என்னிடம் இல்லை, அக்காவிடம்: “இவ்வளவு நேரம் எவளும் காத்திருக்க மாட்டா.”

அக்கா மறுபடி உட்கார்ந்தாள். லைனில் துளித் தடங்கல் வந்தாலும் உடனே வைத்துவிடும்படி மோடத்தின் பொறுமையைக் குறைத்தாள். நான் மறுபடி ஓடினேன். இந்த முறை எடுத்த எடுப்பிலேயே அம்மாவின் குரல்.

“ம். சரி” என்றாள்.

3

முடிவுகள் இரண்டு யோசித்துவைத்திருந்தேன். ஒன்றில் அக்கா பெரிய முதலாளி ஆகிறாள். இன்னொன்றில் அம்மா கண்ணீர் மல்க அவளைக் கட்டி… (எங்கள் அம்மாவா? நடக்கிற கதையா?)

நடந்தது இதுதான். முதல் வரைபடம் பாதி போய்க்கொண்டிருந்தபோது இணைப்பு அறுந்தது. உடனே தொலைபேசி மணி அடித்தது. அம்மா பேசினாள், பையைத் தூக்கினாள், போய்விட்டாள். பாதியில் நின்ற வரைபடத்தைப் பார்த்து அக்கா கைதட்டிச் சிரித்தாள். அறுந்ததற்காக அப்படிச் சிரித்தவளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பிறகு அதை முதலிலிருந்து அனுப்பினாள். வேலையும் கிடைத்தது.

சாயங்காலம் அம்மா திரும்பினாள். “பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.” பிறகு தொலைபேசியில் யாரிடமோ, தேவைக்கு மேலேயே சத்தமாக: “எப்ப வேணும்னாலும் கூப்பிடும்மா, லைன் கிடைக்கும். என் பொண்ணு அப்படிப் பண்ணி வச்சிருக்கா.”

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. விசைப்பலகை மேல் அவள் விரல்கள் மட்டும்…

(இந்த வரியை நான் முடிக்கப்போவதில்லை. என் அக்காவாயிற்றே, நான் எழுதினால் பெருமை அளவு மீறிவிடும். நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். கஞ்சத்தனம் மட்டும் வேண்டாம்.)