மின்னுக்குள் ஒரு முகம்

கருங்கல் ஊர் நகைக்கடை முதலாளி சத்தியநேசன் அந்த ஜிமிக்கிப் படத்தைக் காட்டிய நிமிடத்திலிருந்து ஜெனித்துக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்பது வருடமாகக் கடைக்குப் படம் எடுப்பவன் அவன். மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த ஃபிளாஷ் விளக்குகள் மூன்று வைத்திருக்கிறான். இருந்தும் அவன் எடுக்கும் நகையில் அங்கங்கே வெள்ளைப் புள்ளி வெடித்துக் கிடக்கும், மிச்சமெல்லாம் கறுத்துப்போகும். இந்த ஜிமிக்கியிலோ வெளிச்சம் எண்ணெய் தடவியதுபோல விளிம்புவரை வழுக்கிப் போயிருந்தது. எடுத்தவள் குலசேகரத்து ரெஜிலா. போன வருடம்வரை அவனுக்குக் கல்யாண ஆல்பம் ஒட்டிக்கொடுத்த அதே ரெஜிலா!

“ஒரு மின்னு தாறேன், ரெண்டுபேரும் எடுங்க. நல்லது எதுவோ அது சந்திப்புல ஃபிளெக்ஸா நிக்கும். இனி கடைக்க வேலையும் அவியளுக்குத்தான்,” என்றார் சத்தியநேசன். மின்னு என்றால் இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவக் கல்யாணங்களில் கட்டும் தாலி. வயிறு உப்பிய சின்னப் பொன் இலை, அதன் உச்சியில் ஒரு சிலுவை.

முதலில் ரெஜிலா எடுத்தாள். மின்னை வாங்கிவரும் சாக்கில் ஜெனித் அவள் வீட்டுக்கே போனான். அவளிடம் என்ன விளக்கு இருக்கிறது என்று பார்க்கத்தான் போனான், அதை வாய்விட்டுச் சொல்லவா முடியும்?

விளக்கே இல்லை. ஜன்னலோரம் ஒரு மேசை, அதன்மேல் வெள்ளை வேட்டியால் ஒரு கூடாரம், வேட்டியில் லென்ஸ் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அவ்வளவுதான்.

“பளபளப்புள்ள சாமான் கண்ணாடி மாதிரிண்ணே. முன்னால எது நிக்குதோ அதைத்தான் காட்டும். அதுனால சுத்தி வெள்ளையா மூடணும். நாமளும் துணிக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிடணும்,” என்று கேட்காமலே சொன்னாள் ரெஜிலா.

அது ஜெனித்தை இன்னும் எரித்தது. தொழில் ரகசியத்தை யாராவது இப்படித் தட்டில் வைத்துக் கொடுப்பார்களா? எதையோ மறைக்கத்தான் இவ்வளவு பேசுகிறாள். அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே கம்பியில் தொங்கிய ரப்பர் ஷீட்டுகளைப் பார்த்தான். வெயில் அவற்றுக்குள் புகுந்து தேன் நிறத்தில் வடிந்துகொண்டிருந்தது.

“அந்த ஷீட்டு எதுக்கு?”

“அதா? பால் வெட்டி அடிச்ச ஷீட்டு. காயப் போட்டிருக்குண்ணே.”

காயப் போட்டிருக்காளாம்! மாட்டிக்கொண்டாள், இதுதான் அவளுடைய ரகசியம் என்று நினைத்தான் ஜெனித். திரும்பும் வழியிலேயே இரண்டு ஷீட் வாங்கி ஸ்டுடியோ ஜன்னலில் கட்டினான். நாற்றம் தாங்காமல் மனைவி டெல்சி, “இது ஸ்டுடியோவா, ஷீட்டு காயப்போடுற புகைப்பெரையா?” என்று மூக்கைப் பொத்தினாள். ஆனால் மின்னை வைத்ததும் அவனே அசந்துபோனான். பொன் உருகி நின்றது. வேட்டியெல்லாம் வெறும் கண்கட்டு என்று அதைத் தொடவே இல்லை. பக்கத்தில் லேப்டாப்பில் ரெஜிலாவின் ஜிமிக்கியைத் திறந்துவைத்து, ஒவ்வொரு படத்துக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி அறுபது படம் எடுத்தான்.

மறுநாள் கடை டிவியில் இரண்டு படங்களையும் போட்டார்கள். ரெஜிலாவின் மின்னு அப்பழுக்கில்லாமல் இருந்தது. ஜெனித்தின் மின்னு வந்தபோது நகை எடுத்துக்கொடுக்கும் பெண்கள், “அம்மா, என்ன நெறம்!” என்றார்கள்.

“இதுதான் ஃபிளெக்ஸு,” என்றார் சத்தியநேசன். ஜெனித் உடனே ரெஜிலாவின் முகம் வாடுகிறதா என்று பார்த்தான். வாடவில்லை.

“பத்தடிக்குத் தாங்குமான்னு பாப்போம்,” என்று சத்தியநேசன் படத்தைப் பெரிதாக்கினார். மின்னின் வயிற்றுக்குள் ஓர் ஆள் நின்றான். கேமராவைப் பிடித்தபடி கழுத்தைத் திருப்பி, புளியைத் தின்றவன்போல முகத்தைச் சுளித்துக்கொண்டு, பக்கத்தில் எதையோ முறைத்துக்கொண்டிருந்தான். முறைத்த இடத்தில் வெளிச்சமாக ஒரு திரை இருந்தது.

“ஏலே ஜெனித், இது நீயில்லா? மின்னைப் பாக்காம எங்கலே பாத்திட்டு நிக்க?”

“அந்தத் திரையில தெரியது எனக்க ஜிமிக்கியில்லா!” என்றாள் ரெஜிலா. பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஜெனித்துக்கு அந்தத் தரையிலேயே புதைந்துவிடலாம்போல இருந்தது.

“பரவாயில்ல முதலாளி, நான் கம்ப்யூட்டர்ல அழிச்சுத் தாறேன். நெறம் அண்ணனுக்குத்தான் நல்லா வந்திருக்கு, வேலையும் அண்ணனுக்குத்தான்,” என்றாள் ரெஜிலா. சத்தியநேசனும் சரி என்று தலையாட்டினார்.

பிறகு அவள் ஜெனித்திடம் ஆசையாகக் கேட்டாள். “இந்த நெறம் எப்பிடிண்ணே வந்துது? எனக்கும் சொல்லித் தாருங்களேன்.”

ரப்பர் ஷீட் என்ற வார்த்தை அவன் நாக்கு நுனிவரை வந்தது.

“சும்மா ஜன்னல் வெயில்தான்,” என்றான். அவள் நம்பிவிட்டாள்.